கோட்டுக்குக் கீழே

இந்த வருடம் மார்ச்சில் ஒரு கல்லூரியில் மகளிர் தினத்துக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பேசினேன். நன்றாகத்தான் பேசியிருக்க வேண்டும். முடிந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள், சால்வை போட்ட அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்குத் திரும்பும் பஸ்ஸில் அதிசயமாக ஜன்னலோர சீட்டு கிடைத்தது. சால்வையை மடியில் வைத்துக்கொண்டு, வடுவூர் ஏரியைத் தாண்டும்போதுதான் உறைத்தது, மேடையில் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று.

பெரிய பொய் இல்லை. எங்கள் ஊர்க் கிராம சபையில் நடந்ததை நடந்தபடிதான் சொன்னேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும், ஒரு கிழவி அதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று சொல்லும் இடத்தில், கொஞ்சம் சந்தனம் பூசிவிட்டேன். கைதட்டலும் சரியாக அந்த இடத்தில்தான் வந்தது. அதுதான் உறுத்துகிறது. ஆறு மாதமாக இதை எழுத உட்காருவதும் மூடிவைப்பதுமாக இருக்கிறேன்.

நாற்பது கையெழுத்து

2022 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் கடைமடை. திருத்துறைப்பூண்டியிலிருந்து கடல் பக்கமாகப் போகவேண்டும், பேர் வேண்டாம். அந்த வருடம் மேட்டூரை மே 24-லேயே திறந்துவிட்டார்கள். அதனால் வழக்கத்துக்கு மாறாக எங்கள் வாய்க்காலிலும் நேரத்தோடு தண்ணீர் வந்து, சம்பா விதைப்பு முடிந்து, வயலெல்லாம் பச்சை. நான் மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். லீவு நாளில் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்தவள், சமுதாயக் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன். காந்தி படத்துக்குக் கதம்பம் போட்டிருந்தார்கள். பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய சபை பதினொன்றே கால் ஆகியும் தொடங்கவில்லை.

காரணம் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகைக் கணக்கு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பந்தலில் அறுபது சொச்சம் பேர் இருந்தார்கள். கிளார்க் (ஊராட்சிச் செயலர் என்று போர்டு மாறி எத்தனையோ வருடமாகியும் எங்களுக்கு அவர் கிளார்க்தான்) வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "டீச்சர், ஒங்க தெருவுல நீங்க சொன்னா கேப்பாங்க. ஒரு நாப்பது கையெழுத்து. வரலன்னாலும் பரவால்ல, நோட்டுல இருந்தா போதும். வெயில்ல பாவம், எதுக்கு வந்து ஒக்காரணும்?"

நான் மறுக்கவில்லை. பாடப்புத்தகத்தில் பஞ்சாயத்து ராஜ் நடத்துகிறவள், அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்கிறவள், நோட்டையும் மை பேடையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஏதோ நல்ல காரியம் செய்கிற நினைப்புதான். கூட்டம் நடக்காமல் போனால் நம் ஊருக்குத்தானே நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடு வீடாக வாசலில் நின்றேன். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள், எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போட்டார்கள். ரேகை வைத்தவர்கள் விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தரும் எதற்கு என்று கேட்கவில்லை. நம்ம புள்ள கொண்டு வருது, அவ்வளவுதான். நாற்பது நிமிஷத்தில் நாற்பத்திரண்டு.

அந்த நோட்டை இப்போது நினைத்தாலும் என்னவோ செய்கிறது. வரிசை எண், பெயர், கையொப்பம் அல்லது இடது பெருவிரல் ரேகை என்று மூன்று கட்டம். தீர்மானம் எழுதும் பக்கம் தனி நோட்டில். அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

படி, கேப்போம்

திரும்பி வந்து நோட்டை மேசையில் வைத்தேன். கிளார்க்குக்கு முகம் மலர்ந்தது. தலைவர் ஒரு பெண். 2016-இல் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் திருத்திய பிறகு 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் வந்தவர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அவருடைய வீட்டுக்காரர். இந்தக் காட்சியை யாருக்கும் விவரிக்கத் தேவையில்லை. வரவு செலவு, டெங்கு, பிளாஸ்டிக், மழைநீர் சேகரிப்பு என்று வழக்கமான வரிசையில் கூட்டம் ஓடியது. அதற்குள் நான் கவனித்த ஒன்று: வாசலில் கையெழுத்துப் போட்ட நாற்பத்திரண்டு பேரில் முப்பது பேருக்கு மேல் ஒவ்வொருவராக வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். வரவேண்டாம் என்று நான் சொல்லியும் வந்திருந்தார்கள்.

முடிவில் தீர்மான நோட்டு சுற்றுக்கு வந்தது. முன்வரிசையில் பெரியாயி. எங்கள் தெருவுக்கே அவள் பெரியாயி, எண்பதை நெருங்குகிறாள். அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில் கையெழுத்துப் போடக் கற்றவள், வாசிப்பு அந்த அளவுக்கு வராது. நோட்டை வாங்கினாள். எழுதியிருந்த பாதிப் பக்கத்தைப் பார்த்தாள். அதற்குக் கீழே காலியாக இருந்த பாதியையும் பார்த்தாள். பேனாவை நீட்டிய கிளார்க்கிடம், "படி, கேப்போம்" என்றாள்.

"இப்ப பேசுனதுதான் பெரியாயி, அதையேதான் எழுதியிருக்கு."

"அதையேதான் எழுதியிருக்குன்னா அதையே படிக்கிறதுக்கு என்ன?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். கிளார்க் என்னைப் பார்த்தார். நானும் வாயைத் திறந்து, இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், "பெரியாயி, நேரமாவுது, போட்டுக் குடு, அப்புறம் நான் படிச்சுச் சொல்றேன்" என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. சோற்றில் கல் கிடந்தால் பொறுக்கி ஓரம் வைப்போமே, அப்படி ஒரு பார்வை. "நீ செத்த ஒக்காரு பாப்பா" என்றாள்.

அப்புறம் நடந்தது யாருமே எதிர்பார்க்காதது. தலைவர் எழுந்து வந்து பெரியாயி கையிலிருந்த நோட்டை வாங்கினார். வீட்டுக்காரர் "நீ எதுக்கு?" என்று பாதி எழுந்ததைக் கவனித்தாரா இல்லையா தெரியவில்லை. எழுத்துக் கூட்டி, தடுக்கித் தடுக்கி, மைக் இல்லாமல் படித்தார். மூன்று வருடமாகத் தலைவராக இருக்கிறவரின் குரலை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். வரவு செலவு அங்கீகரிக்கப்பட்டது. டெங்கு ஒழிப்புப் பணிகள் அங்கீகரிக்கப்பட்டன. எல்லாம் அங்கீகரிக்கப்பட்டது.

"சுடுகாட்டுப் பாதை எங்க?" என்றாள் பெரியாயி.

ஊர் வேறு, எங்கள் தெரு வேறு, எங்கள் சுடுகாடு வேறு. டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். அந்தப் பாதை வாய்க்கால் கரையோடு மதகு வரை ஒழுங்காகப் போகும், அப்புறம் வரப்பு. வரப்பு ஒற்றைக்கால் அகலம், பாடை இரண்டு ஆள் அகலம். அந்த செப்டம்பரில் ஒரு சாவு. தூக்கியவர்களில் ஒரு பக்கத்தார் வரப்பிலும் மறுபக்கத்தார் முழங்கால் சேற்றிலும் நடக்க, பாடை சாய்ந்தது. வயல்காரர் கரையில் நின்று, "வெதச்ச வயல்ல கால வைக்காதீங்கப்பா" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, முளைத்து ஒரு சாண் வந்த பயிர் அது. தூக்கியவர்கள் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை என்று அம்மா சொன்னாள்.

தலைவரின் வீட்டுக்காரர் இப்போது சிரித்தபடி தலையிட்டார். "ஏம்மா, பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதே இல்ல. ஒங்களுக்கு எதுக்கு அந்தப் பாதை? அத ஆம்பளைங்க பேசிக்க மாட்டோமா?"

"வராமலா இருக்கப் போறோம்?" என்றாள் பெரியாயி. "ஒருநா தூக்கிக்கிட்டு வரத்தானே போறீங்க. சாய்க்காம கொண்டு போங்கங்குறேன்."

பந்தலே சிரித்தது. அவரும்தான் சிரித்தார், வேறு வழியில்லை. கிளார்க் உட்கார்ந்து எழுதினார்: ஆதிதிராவிடர் தெருவிலிருந்து மயானம் வரை பாதை அமைக்கக் கோரி. திரும்பவும் தலைவர் படித்தார். பெரியாயி கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகும் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளையின் ஸ்கேலை வாங்கினாள். எழுத்து முடிந்த வரிக்குக் கீழே இந்த மார்ஜினிலிருந்து அந்த மார்ஜின்வரை ஒரு கோடு. பிறகு அந்தக் கோட்டிலிருந்து பக்கத்தின் அடிவரைக்கும், காலியாக இருந்த இடத்தின் குறுக்கே, மூலைக்கு மூலை இன்னொரு கோடு. கைநடுங்கி ஸ்கேல் நழுவியதில் அது நேராக வரவில்லை. கோட்டுக்கு மேலே ஒட்டினாற்போலத் தன் நான்கு எழுத்தைப் போட்டுவிட்டு நோட்டைப் பின்னால் தள்ளினாள். அதன் பிறகு போட்டவர்கள் எல்லோரும் கோட்டுக்கு மேலேயே இடம் தேடினார்கள். இடம் போதாமல் மார்ஜினில் செங்குத்தாகவெல்லாம் போட்டார்கள். கோட்டுக்குக் கீழே ஒருத்திகூடக் கை வைக்கவில்லை.

மாலை கட்டும் ஆசை

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். முதலில் தெரிந்துகொண்டது, இது திடீரென்று நடந்ததில்லை என்பது. பத்து நாளைக்கு முன்பே நூறு நாள் வேலையில், வாய்க்கால் கரையில், போட்டோ எடுக்கக் காத்திருக்கும் நேரத்தில் எல்லாம் பேசி முடித்திருக்கிறார்கள். யார் கேட்பது, முதலில் யாரிடம் நோட்டு வரும்படி உட்காருவது என்பதுவரை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒன்கிட்ட சொன்னா மனு எழுதித் தர்றேம்ப" என்றாள். நான் எழுதிக் கொடுத்த மனுக்கள் அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெற்றுக்கொண்ட ரசீதுகூட இருக்கிறது.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. "கோடு போட யாரு பெரியாயி கத்துக் குடுத்தா?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதே என் மனதில் பதில் தயாராக இருந்தது. கீழத்தஞ்சையில் படித்துவிட்டு மேடை ஏறுகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு மாலை இருக்கும். மயிலாடுதுறைப் பக்கம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி, 1947-இல் சட்டம் வந்ததைக் கண்ணால் பார்த்தவர். திருவாரூர்ப் பக்கம் மணலூர் மணியம்மை, விதவைக் கோலத்தை உதறி, கிராப்பு வெட்டி, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு பண்ணையாட்களைச் சங்கமாகச் சேர்த்தவர். 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு இந்த மண்ணுக்கு வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1981-இல் உழுகிறவர்களுக்கு நிலம் வாங்கித் தரும் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி நிலத்தைப் பெண்கள் பேரிலேயே பதிவு செய்து கொடுத்தவர். 2017-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது தெருவுக்கு வந்த பெண்கள். இத்தனை பூவையும் கோத்து நாரின் கடைசி முடிச்சில் எங்கள் பெரியாயியை வைத்துவிட்டால் எவ்வளவு அழகு. அவளுடைய அம்மா பண்ணையில் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து ஏமாந்தவளாக இருப்பாள், சாகும்போது மகளிடம் "கோடு போடாத தாளில் கை வைக்காதே" என்று சொல்லியிருப்பாள். மகளிர் தினத்தில் நான் சொன்னது இதைத்தான், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்.

பெரியாயி உண்மையில் சொன்னது: "குழுவுலதான். ஒருக்க தீர்மான நோட்டுல கையெழுத்துக்குக் கீழ எடம் கெடந்துச்சு. ஊக்குநர் அதுல ரெண்டாயிரம் ரூவா கடன்னு ஒருத்தி பேர எழுதிட்டா. பேங்க்குல சண்டை. அந்த சார் வந்து இனிமே எடம் விடாதீங்க, கோடு போட்டு அடிங்கன்னாரு. அதுலேருந்து போடுறது."

சுய உதவிக் குழு. பேங்க் சார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. விடாமல் கேட்டேன், "ஒங்கம்மா? அந்தக் காலத்துல பண்ணையில வெத்துப் பேப்பர்ல கைநாட்டு வாங்குவாங்களே?"

அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எங்கம்மாகிட்ட யாருடி பேப்பரக் காட்டுனா? கைநாட்டு வாங்குறதுன்னாலும் எங்கப்பங்கிட்டதான் வாங்குனாங்க. ஏமாத்துறதுக்குக்கூட அவள ஒரு ஆளா வச்சுக்கலயே."

இதை நான் கல்லூரியில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தால், மேடைக்கு ஒரு தாய் தேவைப்பட்டாள். கைநாட்டு வைத்து ஏமாந்த தாய்க்கு அழலாம். கைநாட்டுக்குக்கூட ஆள்கணக்கில் வராத தாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் போனது என்று நாங்கள் சொல்கிற வரலாறெல்லாம் உண்மைதான். அந்த வரலாற்றின் தாள்களில் பெரியாயியின் அம்மா ஒரு மைக்கறையாகக்கூட இல்லை. நடவும் களையும் அறுப்பும் செய்தவள். லாஃப்டி பத்திரங்களைப் பெண்கள் பேரில் எழுதியது ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்று நான் நிறையப் படித்திருக்கிறேன். அன்றைக்குத் திண்ணையில்தான் விளங்கியது. பெரியாயிக்கு அந்த நிலம் கிடைக்கவில்லை. வேறு ஊரில் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கைக்குக் கிடைத்தது. அந்தப் பத்திரத்தை ஒருமுறை வாங்கித் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

இன்னொன்றையும் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். சுய உதவிக் குழுக்கள்மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. போராட வேண்டிய பெண்களைத் தவணை எண்ண வைத்துவிட்டார்கள் என்று இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னையையெல்லாம் சாய்த்துப் போட்ட பிறகும், கூரையில்லாத வீட்டு வாசலில் ராத்திரி ஒன்பது மணிவரை வாரத் தவணைக்கு உட்கார்ந்திருந்த நுண்கடன்காரர்களைப் பார்த்தவள் நான். அந்த அபிப்பிராயம் பாதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மாதம் இருமுறை கூடி, வந்தவர் வராதவர் குறித்து, நூறு ரூபாய்க்கும் ஐந்து பேர் சண்டை போட்டு, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லி இருபது வருடம் பழகிய பழக்கம் அந்த அக்டோபர் 2-இல் பந்தலுக்கு வந்து உட்கார்ந்ததையும் பார்த்தேன். எங்கள் இடதுசாரிக் கூட்டங்களில், நான் போனவற்றில், தீர்மானத்தை முன்மொழிந்து கைதட்டி நிறைவேற்றிவிடுவோம். கடைசி வரிக்குக் கீழே எவ்வளவு இடம் கிடக்கிறது என்று யாரும் பார்த்து எனக்கு நினைவில்லை.

பாதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். மறுவருடம் மதகுவரை கிராவல் அடித்தார்கள். மதகுக்கு அந்தப் பக்கம் பட்டா நிலம். சர்வேயர் இரண்டு முறை வந்து அளந்தார், சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர், உறுப்பினர் பதவிக்காலமெல்லாம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார். தலைவர் இப்போது மாஜி. ஆனால் முன்னைக்கு இப்போது சத்தமாகப் பேசுகிறார், வீட்டுக்காரர்தான் சபைப் பக்கம் வருவதில்லை.

இந்த ஆகஸ்ட் 15 சபைக்கு ஊருக்குப் போனேன். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே பெரியாயியிடம் சொல்லிவிட்டேன். "ஒன் பேர வச்சு ஒரு பொய் சொல்லிட்டேன் பெரியாயி. ஒங்கம்மா சொல்லிக் குடுத்ததா."

"கை தட்டுனாங்களா?"

"தட்டுனாங்க."

"என்ன குடுத்தாங்க?"

"சால்வ."

"அத இஞ்ச கொண்டா. மார்கழிக்கு ஆவும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எங்கம்மாவ எதுக்குடி ஏமாளியாக்குன?"

பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, கூட்டம் ஆரம்பித்துவிட்டது. கிளார்க் இந்த முறை விவரமாக வந்திருந்தார். நோட்டுப் புத்தகம் இல்லை. கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டுவந்த தாள், மேலிருந்து கீழ்வரை எழுத்து, கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துக் கட்டங்கள், ஒரு விரற்கடை இடம் சும்மா இல்லை. மாஜித் தலைவர் வாங்கிப் படித்தார். சுடுகாட்டுப் பாதை ஏழாவது வரியில் இருந்தது. "இப்ப கோடு போட எடமே இல்ல பெரியாயி" என்று கிளார்க் சிரித்தார். அவள் தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"பாப்பா, அந்த ஸ்கேல எடு" என்றாள் என்னிடம்.